அப்பா குடிக்கவில்லை

பலகையில் மூளையை வரைந்துகொண்டிருந்தபோது எனக்கு அது வந்தது. மருதனார்மடம் சந்தைக்குப் பின்னால் ஒரு ரியூசன் கொட்டில். தகரக் கூரை. சித்திரை வெயில். உயர்தர உயிரியல் வகுப்பு. வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு பிள்ளைகள். பெருமூளையை வரைந்து முடித்து, அதன் கீழே பின்பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறுமூளையை வரையக் கையைக் கொண்டுபோனேன். கோடு நான் வைத்த இடத்தில் விழவில்லை. திரும்ப வைத்தேன். இன்னும் தள்ளி விழுந்தது. பிறகு நிலம் ஒருபக்கமாகச் சரிந்தது.

"கொஞ்சம் இருங்கோ பிள்ளையள்" என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயிலிருந்து வந்தது எனக்கே விளங்காத குழறல். முன்வாங்கில் யாரோ சிரித்தார்கள். நான் பலகையைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

நிர்வாகி ஓடிவந்தார். நல்ல மனிதர்தான். குனிந்து, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "ரீச்சர், வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

தலை சுற்றுகிறதா, நெஞ்சு நோகிறதா, தண்ணீர் வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. ஒரு கலியாணமாகாத பெண் விழுந்தால் வீட்டில் பிரச்சினை இருக்கவேண்டும். ஓட்டோ பிடித்து அனுப்பிவைத்தார். பின்னேரம் எழும்பி நான் உடுப்புத் தோய்த்தேன். எதுவுமே நடக்காததுபோல எல்லாம் போய்விட்டிருந்தது. அடுத்த கிழமை வகுப்புக்குப் போனபோது என் இடத்தில் வேறொருவர் படிப்பித்துக்கொண்டிருந்தார். "தாய்தேப்பன்மார் பயப்பிடினம் ரீச்சர். ஏதோ பிடிச்சிருக்கு எண்டு கதைக்கினம்" என்றார் நிர்வாகி.

அது முதல் தடவை அல்ல. பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய காலத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்கு ஓடினால் வரும். சோதனை மண்டபத்தில் வரும். ஆரோடாவது சத்தம்போட்டுச் சண்டை பிடித்தால் கட்டாயம் வரும். சிலநேரம் ஒரு மணித்தியாலம், சிலநேரம் அரைநாள். பிறகு சுத்தமாகப் போய்விடும். போய்விடுவதுதான் எனக்குச் செய்த பெரிய கெடுதல். டொக்ரரிடம் போய்ச் சேரும்போது நான் நேராக நடப்பேன், தெளிவாகக் கதைப்பேன். ஒரு தனியார் மருத்துவமனையில் வயதான டொக்ரர் ஒருவர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "இன்னும் கட்டிக் குடுக்கேல்லையோ? கட்டிவைச்சா எல்லாம் சரியாப் போயிடும்." நித்திரைக்குக் குளிசை எழுதித் தந்தார். அதை விழுங்கிவிட்டு நான் வகுப்புக்களில் தூங்கி வழிந்தேன்.

அம்மா ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்தார். அதில் எனக்குக் கோபமில்லை, வடையையாவது சாப்பிட்டோம். பேயோட்டப் பார்வை பார்க்கிற ஆளைக் கூட்டிவந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் என்னை ஈரத்தலையோடு இருத்தி, வேப்பங்கொப்பால் தோளிலும் முதுகிலும் அடித்தபடி அந்த ஆள் கேட்டார்: "ஆர் நீ? எங்கையிருந்து வந்தனீ? பேரைச் சொல்லு!"

நான் என் பெயரைச் சொன்னேன்.

"பாத்தியளோ, பொய் சொல்லுது" என்றார் அம்மாவிடம்.

நான் விஞ்ஞானப் பட்டதாரி. என் சொந்தப் பெயரைச் சொன்னதற்கு அடி வாங்கினேன். அப்பா வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே வருடம் ஒரு சம்பந்தம் வந்தது. இணுவில் பக்கத்து ஆட்கள். பெடியன் எஞ்சினியர். அவர்கள் வந்து இருந்த கொஞ்ச நேரத்தில், பயத்தாலோ வெட்கத்தாலோ, எனக்குத் தொடங்கிவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன் என்று நினைத்தேன். மேசைக்கு வெளியே வைத்திருந்தேன். பெடியனின் தாய் போகும்போது வாசற்படலையில் நின்று அம்மாவிடம் சொன்னது எனக்கு அறைக்குள் கேட்டது.

"தேப்பனைப் பற்றிக் கேள்விப்பட்டனாங்கள். அது பரவாயில்லை, ஆம்பிளையள் எண்டா அப்பிடித்தான் எண்டுதான் வந்தனாங்கள். ஆனா இது வேறை."

அப்பாவைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டது அவர் குடிகாரர் என்பது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

எங்கள் ஊர் பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில். அப்பாவுக்குத் தோட்டம். வெங்காயம், மிளகாய், முன்பு புகையிலையும். ஆள் ஒல்லி, ஆனால் தோள் பலம். அதனால் கோயில் திருவிழாவில் சாமியைத் தோளில் காவுவதற்கு முன்தண்டில் அவரைத்தான் விடுவார்கள். எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு பகல் திருவிழாவில் வெளிவீதி சுற்றி வருகையில் அவர் கால் பின்னியது. சுடுமணல், மேளம், புகை, உச்சி வெயில். நான் ஐஸ்பழத்தோடு ஓரத்தில் நின்றேன். அப்பா இரண்டு அடி பக்கவாட்டில் வைத்தார். தண்டு தோளிலிருந்து வழுகியது. சாமி ஒருபக்கம் சாய, பெண்கள் அலறினார்கள். பின்னாலிருந்தவர்கள் எப்படியோ தாங்கிக்கொண்டார்கள்.

கோயில் மனேச்சர் பாய்ந்து வந்தார். "குடிவெறியிலை வந்து சாமி காவிறியோ? வெளியிலை போடா!"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாக்குக் குழறியது. அதற்குமேல் அத்தாட்சி வேண்டுமா? சால்வையைக் கழுத்தோடு பிடித்து இழுத்துக் கொண்டுபோய் வீதிக்கு வெளியே விட்டார்கள். அவர் மதிலைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்கு நடந்தார். நானும் தங்கச்சியும் அம்மாவும் கொஞ்சம் பின்னால், எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லாததுபோல நடந்தோம்.

அன்று அம்மா அவர் வாயை மோந்து பார்த்தார். மணக்கவில்லை. அடுத்தமுறை அப்படித் தள்ளாடி வந்தபோது மணத்தது. அதற்குப் பிறகு தோட்டத்து மோட்டர்க் கொட்டிலில் ஒரு சாராயப் போத்தல் எப்போதும் இருந்தது. அம்மா அதைக் கண்டார், நாங்கள் கண்டோம், கூலிக்கு வந்தவர்கள் கண்டார்கள். அப்பாவின் பெயர் முடிந்தது.

இப்படித்தான் நாங்கள் இருந்தோம். ஒரே வீட்டில், ஒரே மாதிரித் தள்ளாடி, ஒரே மாதிரி வாய் குழறிய இரண்டு பேர். ஆம்பிளை விழுந்தால் வெறி. பொம்பிளை விழுந்தால் பேய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்த எனக்கும்தான் தோன்றவில்லை. அவ்வளவு உறுதியாக இருந்தது அந்தக் குடி.

ரியூசன் வேலை போன பிறகு ஆரோ சொல்லி, அரச ஆஸ்பத்திரி நரம்பியல் கிளினிக்குக்குப் போனேன். அம்மாவும் வந்தார். உள்ளே இருந்த டொக்ரர் என்னைவிட வயது குறைந்த பெண். தன் விரலை நீட்டி, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் கொண்டுபோனார், கீழே கொண்டுபோனார். திரும்பவும் செய்தார்.

"உங்கடை கண்மணி தன்பாட்டிலை துடிக்குது. தெரியுமோ?"

"இப்ப எனக்கு ஒண்டும் இல்லையே டொக்ரர்."

"இப்பவும் துடிக்குது" என்றார். பதினைந்து வருடங்களாக ஒருவர்கூட என் கண்ணைப் பார்த்திருக்கவில்லை.

பிறகு அம்மாவிடம் திரும்பினார். "குடும்பத்திலை வேறை ஆருக்கும் இப்பிடி இருக்கோ?"

"ஒருத்தருக்கும் இல்லை. என்ரை பக்கம் எல்லாரும் நல்ல சுகம். இவவின்ரை தேப்பன் குடிகாரன். அது வேறை கதை."

"குடிச்சா எப்பிடி இருப்பார்?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "எப்பிடி இருப்பார்? தள்ளாடுவார். வாய் குழறும். சத்தி எடுப்பார். சுவரைப் பிடிச்சுக்கொண்டு வந்து படுப்பார். பேந்து எழும்பி ஒண்டும் நடக்காத மாதிரித் தோட்டத்துக்குப் போவார்."

"அவர் குடிக்கேக்கை நீங்கள் கண்டனீங்களோ?"

"வெளியிலை குடிச்சிட்டு வருவார்."

"அப்ப, காணேல்லை."

"...இல்லை."

"வெயிலிலை கனக்க வேலை செய்தாப் பிறகு வாறதோ? சண்டை சச்சரவுக்குப் பிறகு?"

அம்மா மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தார். எனக்கு அந்தக் கணத்திலேயே விளங்கிவிட்டது. விளங்கியதும் முதலில் வந்தது கோபம். அழுகை பிறகுதான் வந்தது, அதுவும் கொஞ்சம்.

டொக்ரர் ஒரு வெள்ளைத் தாளில் படம் கீறிச் சொன்னார். நான் வகுப்பில் கீறும் அதே படம். சிறுமூளையில் மரம்போலக் கிளை விரித்த பெரிய நரம்புக் கலங்கள் இருக்கின்றன. கை எங்கே, கால் எங்கே, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்திகளைக் கொண்டுவரும் மெல்லிய நார்கள் ஆயிரக்கணக்கில் வந்து அந்தக் கிளைகளைத் தொடுகின்றன. இன்னொரு நார், ஒன்றே ஒன்று, கொடிபோல அதைச் சுற்றி ஏறுகிறது. கால் பிசகினால், பந்து கைதவறினால், அந்தக் கொடிநார்தான் பிழை என்று சொல்கிறது. அது சொல்லும்போது கலத்துக்குள் கல்சியம் பாய்கிறது. அந்த நேரம் பார்த்து எந்த மெல்லிய நார்கள் பேசிக்கொண்டிருந்தனவோ, அவை தொடும் இடங்களில் பிடி தளர்ந்துவிடுகிறது. அடுத்தமுறை அந்தப் பிழை கொஞ்சம் குறையும். சைக்கிள் பழகுவது, நீந்தப் பழகுவது, சாமி காவும்போது மற்ற ஆளின் அடியோடு அடி வைக்கப் பழகுவது எல்லாம் இப்படித்தான். கல்சியம் உள்ளே போக அந்தக் கலங்களின் தோலில் படலைகள் உண்டு. எங்கள் குடும்பத்தில் அந்தப் படலையைக் கட்டும் பரம்பரையலகில், மரபணுவில், ஒரு பிழை. படலைகள் பாதிதான் சரியாகத் திறக்கும். சாதாரண நாளில் சமாளித்துக்கொள்ளும். வெயில், களைப்பு, பயம், கோபம் வந்தால் அந்தக் கலங்களின் தாளம் குலைந்துவிடும்.

"கோப்பியும் மதுவும் கூட்டும்" என்றார் டொக்ரர். "பிள்ளையளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரத்தம் எடுத்து இந்தியாவுக்கு அனுப்புவம், முடிவு வர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் ஒரு குளிசை தாறன். உங்கடை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

எங்கள் பாடப்புத்தகத்தில் சிறுமூளைக்கு 'மூளி' என்று பெயர். உடற்சமநிலையைப் பேணும் என்று அதற்கு ஒரு வரி. மூளி என்றால் ஊரில் வேறு அர்த்தம். தாலி இல்லாத கழுத்தை அப்படிச் சொல்வார்கள். அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி எழுதி நான் புள்ளிகள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு வரிக்குள் என் அப்பா இருந்தார், நான் இருந்தேன். எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

நான் வீட்டுக்குள் போகாமல் நேரே தோட்டத்துக்குப் போனேன். அப்பா வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்கள் குடிக்கிறேல்லைத்தானே?"

மண்வெட்டியை விடாமல் கேட்டார்: "ஆர் சொன்னது?"

"டொக்ரர்."

"அவ என்னைக் கண்டவவோ?"

"என்னைக் கண்டவ. அது காணும்."

அவர் வரம்பில் குந்தி இருந்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். தன் மூத்த அக்காவைப் பற்றி. எனக்கு மாமி முறை. நான் பிறக்கமுன்பே செத்துப்போனவர்.

"அவவுக்கும் இதுதான். நடந்துகொண்டு போகேக்கை விழுவா. எங்கடை அப்பு அவவைக் காட்டாத வைத்தியர் இல்லை. பிள்ளைக்கு வருத்தம், தீராத நோய் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சார். கடைசியிலை என்ன நடந்தது? அக்காவுக்கும் கலியாணம் இல்லை, அவவுக்குப் பிறகு பிறந்த ரண்டு அக்காமாருக்கும் இல்லை. அவையளுக்கு ஒண்டுமே இல்லை, நல்ல சுகம். ஆனா நோய்க் குடும்பம் எண்டு ஒருத்தரும் எங்கடை படலை திறக்கேல்லை. அந்த ஊரை விட்டு இஞ்சை வந்துதான் உன்ரை அம்மாவைக் கட்டினனான், அவவுக்கும் சொல்லேல்லை."

"அதுக்கு?"

"கோயிலிலை விழுந்த அண்டைக்கு, வெறி எண்டு அவன் கத்தினான். எனக்கு அப்ப..." அவர் நிறுத்தினார். "எனக்கு ஒரு ஆறுதலா இருந்தது பிள்ளை. வெறி எண்டா என்னோடை போயிடும். வருத்தம் எண்டா உங்கள் ரண்டு பேரிட்டையும் வரும்."

"அந்தப் போத்தல்?"

"ரவுணிலை வாங்கினனான். வாய் கொப்பளிக்க மட்டும்தான்."

சாராயம் இந்த வருத்தத்தைக் கூட்டும் என்று டொக்ரர் சொன்னதை அவருக்குச் சொன்னேன். இல்லாத குடியை நிரூபிக்க வாய் கொப்பளித்து, இருக்கிற வருத்தத்தை அவர் கூட்டியிருக்கக்கூடும். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அந்தத் தலையாட்டல் என்னை எரித்தது.

"எனக்கு வந்திட்டுது எண்டு உங்களுக்குத் தெரியும். முதல் நாளே தெரிஞ்சிருக்கும். தெரியுமோ இல்லையோ?"

"ஓம்."

"அந்தாள் என்னை வேப்பங்கொப்பாலை அடிக்கேக்கை வாசலிலை நிண்டனீங்கள்."

"ஓம்."

"ஒரு சொல்லு. இது பேயில்லை, எனக்கும் இருக்கு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"தங்கச்சிக்கு அப்ப பேசிக்கொண்டிருந்தது" என்றார்.

உண்மைதான். அந்த மாதங்களில்தான் தங்கச்சிக்குக் கனடாவிலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. குடிகாரனின் மகள் என்று தெரிந்தே கட்டினார்கள். ஆவணியில் கலியாணம் நடந்தது, பிறகு விசா வந்தது, போய்விட்டாள்.

"அப்ப நான்?" என்று கேட்டேன். "என்னைக் குடுத்து அவளைக் கரை சேர்த்தனீங்களோ? நான் ஆர் உங்களுக்கு?"

பாத்தியில் தண்ணீர் நிரம்பி வழியத் தொடங்கியது. அவர் எழும்பி மண்வெட்டியால் அணையை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீரை விட்டார். நான் அங்கே நிற்க, அவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டார். அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும்போல இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்கும் தொடங்கிவிட்டது. வேலிக் கதியாலைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தேன்.

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அப்பா சொன்னதைச் சொன்னேன். குழறிக் குழறிச் சொன்னேன். அம்மா துருவலைக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தார். அப்பா கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது எழும்பினார்.

"பிள்ளையளின்ரை மானத்துக்கு யோசிச்சனீங்கள். சரி. என்ரை மானம்? குடிகாரன்ரை பெண்டில் எண்டு எத்தினை செத்தவீட்டிலை, எத்தினை கலியாணவீட்டிலை பின்னுக்குப் போய் இருந்திருப்பன்? என்னட்டையெண்டாலும் சொல்லியிருக்கலாமே. ஒரே கூரைக்குக் கீழை, எனக்கெண்டாலும்."

"உனக்குச் சொன்னா நீ கோவத்திலை ஆரிட்டையும் சொல்லிப்போடுவாய்" என்றார் அப்பா.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். "குடிகாரன் எண்டு நினைச்சும் சோறு போட்டனான். இனிப் போடமாட்டன்."

சொன்னபடியே செய்தார். கனநாளாக எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கப்பட்டது. அப்பா கடையில் பாண் வாங்கி, தானே ஊற்றிய பிளேன்ரீயில் தோய்த்துச் சாப்பிட்டார். எனக்கு அதைப் பார்க்க இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

ஆனாலும் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விரலைக் கீழே கொண்டுபோனதும் அவர் கண்ணும் துடித்தது. அவருக்கும் அதே குளிசை. மாதங்கள் கழித்து இந்தியாவிலிருந்து இரத்த முடிவும் வந்தது, டொக்ரர் சொன்னதேதான்.

அந்தக் குளிசையைப் பற்றியும் எனக்குக் கோபம் உண்டு. அது புதிய மருந்தல்ல. கண்ணில் அமுக்கம் கூடினவர்களுக்குக் கொடுக்கும் பழைய மலிவான குளிசை. இந்த வருத்தத்தில் அது ஏன் வேலை செய்கிறது என்று முழுக்கத் தெரியாது, ஆனால் கனபேருக்குச் செய்கிறது என்று டொக்ரர் ஒளிக்காமல் சொன்னார். எங்கள் சந்தியிலுள்ள பாமசியிலேயே இருந்தது. அந்தப் பாமசியைக் கடந்துதான் அம்மா பார்வை பார்க்கிற ஆளைக் கூட்டிவரப் போனார். அதற்குப் பக்கத்துக் கடையில்தான் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கினார்.

விழுங்கத் தொடங்கியதும் விரல் நுனிகள் எறும்பு ஊர்வதுபோல விறுவிறுத்தன. சோடா குடித்தால் உலோகத்தை நக்கியதுபோல இருந்தது. சிறுநீரகத்தில் கல்லு வரலாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரை அம்மா கொதிக்கவைத்து வடித்துத் தந்தார். எனக்கு வருவது குறைந்தது. மாதத்தில் ஒருமுறை, பிறகு அதற்கும் குறைவு. அப்பாவுக்கு ஏறக்குறைய நின்றே போனது. வெயிலில் வேலை செய்துவிட்டு நேராக நடந்து வீட்டுக்கு வந்தார். படலைக்குள் சைக்கிளை இறங்காமலே ஓட்டிக்கொண்டு வந்தார். அம்மா ஒருநாள் பேசாமல் அவருக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டு வைத்தார்.

ஊர் அதைக் கண்டது. கண்டுவிட்டு என்ன சொன்னது தெரியுமா?

"குடியை விட்டிட்டாராம்."

சந்தையில் சொன்னார்கள். தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள். "மனுசன் திருந்திட்டுது. இந்த வயசிலை எண்டாலும் புத்தி வந்துதே." பக்கத்து வீட்டில் புருசன் உண்மையாகவே குடிக்கிறவர், அந்த வீட்டுப் பெண் வந்து, என்ன மருந்து கொடுத்து நிற்பாட்டினீர்கள் என்று அம்மாவிடம் இரகசியமாகக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் எழும்பிப் போய்விட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான், அப்பா, அம்மா மூவரும் கோயிலுக்குப் போனோம். அதே மனேச்சர், இப்போது வயதாகி, வாசலில் கதிரை போட்டு இருந்தார். அப்பாவைக் கண்டதும் கையைப் பிடித்தார். "முருகன் உனக்குக் கண்ணைத் திறந்திட்டார். பழசை மறப்பம். இந்தமுறை வந்து சாமி காவு."

அப்பா சிரித்துக்கொண்டு கைகூப்பினார்.

அவர் மறுத்திருந்தால்கூட நான் பேசாமல் வந்திருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. தன் கழுத்தைப் பிடித்துத் தள்ளிய ஆளிடம் மன்னிப்பு வாங்கிய நன்றியோடு சிரித்தார்.

"ஐயா," என்றேன், "அப்பா ஒருநாளும் குடிச்சதில்லை. அவருக்கு வருத்தம். சிறுமூளையிலை வருத்தம். அண்டைக்கும் வருத்தத்திலைதான் விழுந்தவர். நீங்கள் எல்லாருமாச் சேர்ந்து வெறி எண்டு தள்ளினீங்கள்."

"பிள்ளை, விடு" என்றார் அப்பா.

"விடமாட்டன். இது பரம்பரை வருத்தம். எனக்கும் இருக்கு. எனக்குப் பேயுமில்லை, விசருமில்லை."

அர்ச்சனைத் தட்டோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் ஏறிக்கொண்டே போனது. கலம், படலை, கல்சியம் என்று அந்த வாசலில் நின்று நான் பாடம் நடத்தினேன். ஆரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார்: "கல்சியம் குறைவெண்டா பால் குடிக்கச் சொல்லுங்கோ பிள்ளை." இரண்டு பேர் சிரித்தார்கள்.

மனேச்சர் சிரிக்கவில்லை. "அப்ப அவனே அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே. இவ்வளவு வருசமா ஏன் சொல்லேல்லை?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொன்னால் அப்பா இன்னும் கூசிப்போவார். மனேச்சர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. அம்மாதான் என் கையைப் பிடித்தார். "வா, கும்பிடுவம்" என்று எல்லாரையும் விலக்கிக்கொண்டு, பின்னுக்கு நிற்காமல், நேரே முன்னுக்குப் போய் நின்றார்.

அப்பா அந்தமுறை சாமி காவப் போகவில்லை. தோள் இனி ஏலாது என்று சொல்லிவிட்டார்.

நான் கத்தியது கனடாவுக்குப் போக இரண்டு நாள்கூட எடுக்கவில்லை. தங்கச்சி போன் எடுத்தாள். வணக்கம் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை.

"உனக்கு விசரோ? கோயில் வாசலிலை நிண்டு பரம்பரை வருத்தம் எண்டு கத்தினியாம். என்ரை மாமியாருக்கு அண்டைக்கே ஆரோ போன் போட்டிட்டினம். அவ என்னட்டைக் கேக்கிறா, ஏன் ஒளிச்சுக் கட்டினீங்கள் எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

"உண்மையைச் சொல்லு. உனக்குத் தெரியாது எண்டு சொல்லு."

"உனக்கு இழக்க ஒண்டுமில்லை. எனக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு."

"அதுக்காகத்தான் சொல்லுறன். அவளை ஒருக்கா டொக்ரரிட்டைக் காட்டு. உனக்கும் பாக்கச் சொல்லு."

"என்ரை பிள்ளைக்கு ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எனக்கு இழக்க ஒன்றுமில்லை என்று அவள் சொன்னதைப் பல நாள் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். பிழையாகவும் சொல்லவில்லை. ஆனால் அதை என்னிடமிருந்து எடுத்தவர்களில் அவளும் ஒருத்தி, தெரியாமலே. அவளோடு நான் சண்டை பிடிக்கவும் முடியாது. அதுவே இன்னொரு கோபம்.

அதற்குப் பிறகு அவளோடு மாதங்களாகப் பேச்சில்லை. மாரி மழை வந்து வெங்காயம் அழுகியது. இன்னொரு ரியூசனில், சின்ன வகுப்புக்கு, எனக்கு வேலை கிடைத்தது. போன முதல்நாளே வருத்தத்தைச் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தேன். அந்த நிர்வாகி கொஞ்சம் யோசித்துவிட்டு, பலகைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போடச் சொன்னார்.

ஒருநாள் காலை தங்கச்சியிடமிருந்து போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அவளுடைய மகள், விளையாட்டு உடுப்போடு, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நடந்து வருகிறாள். முகம் சிவந்து வியர்த்திருக்கிறது. ஒரு கையால் சுவரைத் தொட்டுத் தொட்டு வருகிறாள். கால்கள் அகலமாக விழுகின்றன. கமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறாள், சொல் தடிக்கிறது. அதன் கீழே தங்கச்சி ஒரு சொல் எழுதியிருந்தாள்: "இதுவோ?"

உடனே அவளுக்குப் போன் எடுத்தேன்.

"ஓம். இதுதான்."

அவள் அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. "அவளைக் குடிகாரி எண்டு சொல்ல வயசு காணாது. பேய் எண்டு அடிக்கிறதுக்கு அங்கை ஆளில்லை. நாளைக்கே கொண்டுபோ. வருத்தத்தின்ரை பேரை எழுதி அனுப்புறன், அவையள் தேடத் தேவையில்லை" என்றேன்.

கொண்டுபோனாள். புருசனிடமும் தானே சொன்னாள். அவர் ஒன்றும் குறை சொல்லவில்லையாம்; அவருடைய தாய்தான் இன்றுவரை தங்கச்சியோடு கதைப்பதில்லை. பிள்ளைக்குக் குளிசை தொடங்கிவிட்டார்கள். தங்கச்சிக்கும் கண் துடிக்கிறதாம். அவளுக்கு இதுவரை ஒருமுறைகூடப் பெரிதாக வரவில்லை.

போன தைப்பொங்கலுக்கு எல்லாருமாகப் போனில் கதைத்தோம். அந்தப் பிள்ளை அரைகுறைத் தமிழில் அப்பாவிடம் கேட்டாள்: "தாத்தா, உங்களுக்கும் இருக்காமே? ஸ்கூலிலை எல்லாரும் பாக்க விழுந்திட்டன். வெக்கமா இருந்துது."

அப்பா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். "இது ஒரு வருத்தம் குஞ்சு. எனக்கும் இருக்கு, உன்ரை பெரியம்மாவுக்கும் இருக்கு. வெக்கப்பட இதிலை ஒண்டுமே இல்லை" என்றார்.

எவ்வளவு இலேசாகச் சொன்னார். முற்றத்தில் ஈரத்தலையோடு நான் இருந்தபோதும் இதே வாய்தான் அவருக்கு இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பொங்கல் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வெளியே போனேன்.